இரண்டு பக்கமும் கைப்பிடி

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'பொறியாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொறியியல் கல்லூரி வாசலை அவர் மிதித்தது ஒரே ஒரு முறை. அதுவும் அங்கே இரும்புக் கதவின் கீலை மாற்றிக் கொடுப்பதற்காக. பகல் முழுக்க கையிலிருந்து பொறி பறக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எவனோ ஒரு குறும்பன் ஆரம்பித்து வைத்தான். அது வெல்டு வைத்ததுபோல ஒட்டிக்கொண்டது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேலே தகரம், கீழே கரி படிந்த சிமென்ட் தரை, சுவரில் சாய்த்து வைத்த பைப்புகள், ஒரு வெல்டிங் மிஷின், ஒரு கிரைண்டர். முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவர் மனைவி. போன் எடுப்பது, வந்த வேலையைக் குறித்துக்கொள்வது, முடிந்த கதவுக்கும் ஜன்னலுக்கும் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. "நீங்க ஒட்டுங்க, நான் அழகு பண்றேன்" என்பாள். இருபது வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில், மூன்று தெரு தள்ளி இருக்கும் டீச்சர் குடையோடு வந்து நின்றார். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. ஆள் குள்ளம், குரல் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். அன்றைக்கு என்னவோ அந்தக் குரலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்போல, தெருவை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, ஒரு ரகசியம்."

"சொல்லுங்க டீச்சர்."

"எங்க வீட்டு மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வேணும். எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. கொஞ்ச நாளா படியில பாதி வழியில நின்னு கண்ணை மூடிக்கிறார். என்னங்கன்னு கேட்டா, யோசிக்கிறேங்கிறார். படியில நின்னு யோசிக்கிற அளவுக்கு இவருக்கு அப்படி என்ன யோசனை?"

"தலை சுத்துதோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"காட்டியிருக்கார், எனக்குத் தெரியாம. சாக்ஸுக்குள்ள மாத்திரை அட்டை இருக்கு. துவைக்கிறவளுக்குத் தெரியாதுன்னு நினைப்பு." டீச்சர் குரலை இன்னும் இறக்கினார். "கைப்பிடின்னு பேச்சை எடுத்தா ஆகாது தம்பி. முப்பத்தஞ்சு வருஷம் மலையும் மடுவுமா ஏறி நிலம் அளந்தவன், பதினாலு படிக்கு எனக்குக் கம்பு வேணுமாம்பார். அதனால, கேட் தரையில உரசுது, அதைச் சரிபண்ண வந்தேன்னு வாங்க. வந்த கையோட, பைப்பு மிச்சம் இருக்குன்னு சொல்லி இதையும் போட்டுடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடக் கூடாது."

பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு முடிச்சு. "அவர் கை உயரம். கண்ணாடி முன்னாடி சவரம் பண்ணிட்டிருந்தப்போ, கீழே எதையோ தேடற மாதிரி குனிஞ்சு, குதிகாலிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் எடுத்துட்டேன்."

பொறியாளர் நூலை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். நிலத்தை அளந்தவரையே அளந்துவிட்ட பெண்மணியிடம் வேறு என்ன சொல்வது? புதன்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், கிரைண்டரை நிறுத்திவிட்டு அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு நீண்ட நிழல் விழுந்தது. நிழலுக்குப் பின்னால் டீச்சருடைய வீட்டுக்காரர், சர்வேயர். ஆறடிக்குக் குறையாத ஆள். உலாவப் போகிற சாக்கில் வந்திருந்தார். அவரும் தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். வெளியில போகக் கூடாது."

"சொல்லுங்க ஐயா."

"எங்க மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி. எனக்கில்ல. டீச்சருக்கு."

பொறியாளர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். முகத்தில் ஈரம் இல்லை. சிரிப்புத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியிருந்தது.

"முழங்கால் மடங்க மாட்டேங்குது அவளுக்கு," என்றார் சர்வேயர். "இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறா. நாலாவது படியில உட்கார்ந்துடறா. நான் பார்த்துட்டா, மடியில இருக்கற துண்டை மடிக்க ஆரம்பிச்சுடுவா. ஒரே துண்டை ஒரு மனுஷி எத்தனை தடவைதான் மடிப்பா? கைப்பிடி போடலாமான்னு கேட்டா, நான் என்ன கிழவியான்னு ஒரு வாரம் பேச மாட்டா. நீங்க கேட் ரிப்பேருன்னு வாங்க. அது நிஜமாவே உரசுது."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வரைபடத் தாளை எடுத்து விரித்தார். பதினாலு படியும் பென்சிலில் பிசகாமல் வரையப்பட்டிருந்தன. படியின் உயரம், அகலம், சுவருக்கும் சுவருக்கும் உள்ள தூரம், கைப்பிடி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில்.

"டீச்சரோட கை உயரத்தை எப்படி ஐயா அளந்தீங்க?" பொறியாளருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அளக்கல. நாற்பது வருஷமா பக்கத்துலயே நிக்கிறா. அளந்துதான் தெரியணுமா?"

சர்வேயர் போனதும் பொறியாளர் பைப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே கேட்டாள்:

"ரெண்டு பேரும் பயந்து போய்க் கிடக்காங்க. இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அதில்ல. ஐயாவுக்கு ஒரு உயரம், டீச்சருக்கு ஒரு உயரம். நடுவுல ஒரு சாண் இடைவெளி. ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துட்டேன். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரி ஆயிடுச்சு என் கதை."

"போய் முதல்ல படியைப் பாருங்க. பட்டறையில உட்கார்ந்துக்கிட்டு அவங்க வீட்டுப் படிக்கு யோசிச்சா?"

புதன்கிழமை காலையில் பொறியாளர் மிஷினையும் பைப்புகளையும் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். கேட் உண்மையிலேயே உரசிக்கொண்டிருந்தது. கீழே சிமென்டில் வில் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. மேல்கீல் தேய்ந்து, கதவு முன்பக்கம் தலை கவிழ்ந்து நின்றது. பழைய கீலை அறுத்தெடுத்து, கதவின் அடியில் செங்கல் கொடுத்து நிமிர்த்தி, புதுக் கீலை வைத்து ஒட்டினார். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சர் நாலு தடவையும் சர்வேயர் மூன்று தடவையும் வாசலுக்கு வந்து, கேட்டைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். பதிலுக்குச் சிமிட்டிச் சிமிட்டிப் பொறியாளருக்கு இமையே வலித்தது.

"அப்படியே அந்தப் படியையும் ஒரு பார்வை பார்த்துடறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தை ஒட்டி, இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகலாக ஏறியது படி. மேலே படுக்கை அறை, கீழே சமையலறையும் குளியலறையும். ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். பிடிமானம் எதுவும் இல்லை. பொறியாளர் கீழ்ப்படியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு சரிந்து இறங்கியது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

வலது பக்கச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைச் சுண்ணாம்பு மங்கி ஒரு நீளமான அழுக்குக் கோடு படிப்படியாக மேலே ஏறியது. இடது பக்கச் சுவரில் அதே மாதிரி இன்னொன்று, ஒரு சாண் மேலே. வலது கோடு உள்ளங்கை தேய்ந்தது. இடது கோட்டில் ஏழாவது படிக்கு நேராக மட்டும் ஒரு கையின் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. யாரோ அங்கே வெகு நேரம் நின்று நின்று ஊன்றிய கை.

பொறியாளருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நாளாக இறங்கிக்கொண்டிருக்கிறார்களோ. நூலையும் வரைபடத்தையும் எடுத்து வைத்துச் சரிபார்த்தார். நூலின் முடிச்சு இடது கோட்டில் போய் நின்றது. சர்வேயர் அளக்காமல் எழுதிய உயரம் வலது கோட்டில் அப்படியே உட்கார்ந்தது.

பிறகு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் போட்டுவிட வேண்டியதுதான். பைப்பு மெல்லிசாக, சுவரை ஒட்டி இருந்தால் நடக்க இடம் குறையாது. கேட்டால் ஆளுக்கொரு பொய் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது.

டேப்பைப் பிடித்து அளந்தார். பிடித்த கை நீண்டுகொண்டே போனது. "டீச்சர், இதுல என்ன எண்ணு போட்டிருக்குன்னு பாருங்க. என் கை அழுக்கு," என்றார். கை அழுக்குக்கும் கண் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சர் கேட்கவில்லை. எண்ணைச் சொன்னார். அடுத்த எண்ணையும் சொன்னார். மூன்றாவதுக்கு அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்.

பதினோரு மணிக்கு டீச்சர் தன் வீட்டுக்காரரை நூலகத்துக்கு அனுப்பினார். வாசித்து முடிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. சர்வேயர் போவதற்கு முன்னால், பக்கத்து வீட்டு அம்மா உன்னை அவசரமாகக் கூப்பிட்டார்களே என்று டீச்சரைக் கிளப்பிவிட்டுப் போனார். வீடு காலியானது. பொறியாளர் மளமளவென்று சுவரில் துளை போட்டு, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று தாங்கிகளை முடுக்கினார். அவற்றின்மேல் பைப்பைக் கிடத்தினார். சுவர் கருகாமல் இருக்கப் பின்னால் தகரத்தைச் செருகிக்கொண்டு, அங்கங்கே பொட்டு பொட்டாக ஒட்டி நிறுத்தினார். முழுசாக ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கினார்.

பக்கத்து வீட்டு அம்மா யாரையும் கூப்பிடவே இல்லை. அன்று நூலகத்துக்கு விடுமுறை. அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து படியடியில் நின்றார்கள்.

"தம்பி, அந்தப் பக்கம் எதுக்கு?" என்றார் டீச்சர், வலது சுவரைக் காட்டி.

"அதானே? இந்தப் பக்கம் எதுக்கு?" என்றார் சர்வேயர், இடது சுவரைக் காட்டி.

பொறியாளர் வெல்டிங் முகமூடியை இறக்கி மாட்டிக்கொண்டார். மிஷின் ஓடவில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் அதற்குள் இருப்பதுதான் நல்லது என்று பட்டது.

சர்வேயர்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தார். அளந்தே வாழ்ந்தவர். இரண்டு உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உயரமான பைப்பில் கை வைத்தார். கை கச்சிதமாக உட்கார்ந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இது எனக்கா?"

டீச்சர் தாழ்வான பைப்பைத் தொட்டுப் பார்த்தார். "இது எனக்கா?" என்று அவரும் கேட்டார்.

"யார் சொன்னது எனக்கு வேணும்னு?"

"எனக்கு வேணும்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"நீ நாலாவது படியில உட்கார்றதை நான் பார்க்கலன்னு நினைச்சியா?"

"நீங்க ஏழாவது படியில நின்னு யோசிக்கிறதை நான் பார்க்கலன்னு நினைச்சீங்களா?"

சர்வேயரின் முகம் சிறுத்துப்போனது. கோபமா அவமானமா என்று முகமூடிக்குள்ளிருந்து சரியாகத் தெரியவில்லை. "என்னோடதைக் கழட்டிடுங்க," என்றார். "அவளுக்குப் போட்டது இருக்கட்டும்."

"அப்போ என்னோடதையும் கழட்டிடுங்க தம்பி. அவரோடது மட்டும் இருக்கட்டும்."

"கழட்டினா சுவர் முழுக்க ஓட்டை நிக்கும் ஐயா," என்றார் பொறியாளர் முகமூடிக்குள்ளிருந்து.

பாய்வதற்கு யாராவது கிடைத்தால் போதும் என்று இருந்தார் சர்வேயர். பொறியாளர் கிடைத்துவிட்டார். "நீங்க பேசாதீங்க. முதல்ல இதைப் பாருங்க. இந்தத் தாங்கி கோட்டுல இல்ல. நாலு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. அதோ, அது ஏறியிருக்கு. இது என்ன வேலை?"

"சுவர் கோணல் ஐயா."

"சுவரா?" சர்வேயர் உள்ளே போய் ஒரு தூக்குக்குண்டைக் கொண்டுவந்தார். அவருடைய அலமாரியில் அது இன்னும் இருந்தது. கயிற்றைச் சுவரோடு விட்டுப் பிடித்தார். குண்டு ஆடி, நின்றது. சுவர் நேராகத்தான் இருந்தது.

பொறியாளர் முகமூடியின் வாரை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"சுவர்ல ஒண்ணும் இல்லை. இவரோட கண்ணுலதான்," என்றார் டீச்சர். "காலையிலேருந்து டேப்பைக் கையை நீட்டி நீட்டிப் பிடிக்கிறார். முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன் தம்பி. போர்டு தெரியாத பிள்ளை எந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்குன்னு வகுப்புல நுழைஞ்ச உடனே சொல்லிடுவேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல!" பொறியாளர் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்தினார். அவர் யார் வீட்டிலும் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. "இருபது வருஷமா ஒட்டறேன். கண்ணை மூடிக்கிட்டும் ஒட்டுவேன்."

"அப்படித்தான் ஒட்டியிருக்கீங்க," என்றார் சர்வேயர்.

டீச்சர் படி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பி, வலி தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு. திரும்பி இறங்கி வந்து, கையிலிருந்ததைப் பொறியாளரிடம் நீட்டினார். ஒரு மாத்திரை அட்டை.

"பின்பக்கம் பேர் இருக்கு. வாசிங்க."

பொறியாளர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் கும்பலாகக் கூடி நின்று கலைந்தது. "இவ்வளவு பொடியா எழுதினா எறும்பே கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கணும்," என்று முணுமுணுத்தார்.

ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. சர்வேயர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... என் சாக்ஸுக்குள்ள இருந்தது."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"மழைக்காலத்துலேருந்து தெரியும்."

சர்வேயர் மெல்ல மூன்றாவது படியில் உட்கார்ந்தார். தூக்குக்குண்டைக் கயிற்றோடு சேர்த்து உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "உன்னைப் பயமுறுத்த வேண்டாமேன்னுதான். டாக்டர் பெருசா ஒண்ணும் இல்லைன்னுட்டார். மெதுவா எழுந்திரு, மெதுவா நட, எதையாவது பிடிச்சுக்கோன்னார். எதைப் பிடிச்சுக்கிறது? கைத்தடியோட தெருவுல போனா..." முடிக்கவில்லை.

"தெருவுல யார் என்ன சொன்னா என்ன? நீங்க விழுந்துட்டா தூக்கறதுக்கு எனக்கு உயரம் போதாது," என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். படி குறுகல். தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. "என் முழங்கால் உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன கோடையில. உன் துண்டு மடிப்பு ஆரம்பிச்ச அன்னிக்கு."

"ஒரு வருஷமா சொல்லாம இருந்தீங்களா?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மூக்கைச் சிந்தினாரா என்று பொறியாளருக்குத் தெரியாது. அவர் திரும்பி நின்று மிஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வேலை இன்றோடு போயிற்று என்று முடிவு கட்டியிருந்தார். கத்தியது வேறு மனதை அறுத்தது.

"வயரை ஏன் சுத்தறீங்க?" என்றது சர்வேயரின் குரல். "பாதியில விட்டுட்டுப் போறதாவது?"

"நாலு மில்லிமீட்டர் தப்பா இருக்குன்னீங்களே ஐயா."

"கோடு நான் போடறேன். நீங்க அதுமேல ஒட்டுங்க. அவ்வளவுதானே?"

அன்று மதியத்துக்கு மேல் அந்தப் படியில் மூன்று பேர் வேலை செய்தார்கள். பொறியாளர் பொட்டு ஒட்டுகளைத் தட்டிப் பைப்புகளைப் பிரித்தார். சர்வேயர் சுவரோரம் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, சாக்குக்கட்டியால் பட்டையாகக் கோடு இழுத்தார். பென்சில் கோடு பொறியாளருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. சாக்குக்கட்டியைத் தானாகவே எடுத்தார். டீச்சர் பைப்பின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல, போதும், சொன்னேனே போதும்னு" என்று இரண்டு ஆண்களையும் வகுப்புப் பிள்ளைகள்போல மேய்த்தார். ஒட்டும் நேரத்தில் "கண்ணை மூடுங்க!" என்று பொறியாளர் குரல் கொடுப்பார். இரண்டு பேரும் சொன்னபடி மூடிக்கொள்வார்கள். படபடவென்று ஓசை, நீல வெளிச்சம், கரிந்த வாசனை. பிறகு கசடைத் தட்டும் சுத்தியலின் டக் டக்.

நாலரை மணிக்கு இரண்டு பக்கமும் முடிந்தது. டீச்சர்தான் முதலில் இறங்கிப் பார்த்தார். நேராக, முன்னால் பார்த்து. நாலாவது படியில் நிற்கவில்லை. சர்வேயர் கீழே நின்று, பாராட்டும் சொல்லாமல் பார்வையும் எடுக்காமல் இருந்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் பொறியாளர் நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அவள் பெயின்ட் பிரஷைக் கழுவிக்கொண்டே, "மாத்திரை அட்டையை எதுக்கு எடுத்துட்டு வந்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள். விட்டதையும் சொல்லும்படி ஆயிற்று.

அவள் ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பட்டி டப்பா. எடுத்த இடத்தில் இன்னும் நாலைந்து இருந்தன.

"என்ன இது?"

"ஆறு மாசமா நீங்க ஒட்டறது மூட்டுல சரியா விழறதில்ல. பக்கத்துல விழுது. கம்பி விட்டுடுமான்னு தட்டிப் பார்ப்பேன். பலமாத்தான் இருக்கும், அசிங்கமா இருக்கும். பெயின்டுக்கு முன்னாடி பட்டி வெச்சு அடைச்சுத் தேய்ச்சுடுவேன்."

"ஏன் சொல்லல?"

"போன மாசம் அந்த ஜன்னல் ஒரு அங்குலம் குறைஞ்சுதே, அப்போ சொல்ல வாயெடுத்தேன். பைப்புக் கம்பெனியைத் திட்டினீங்க பாருங்க, அதுல வாயை மூடிக்கிட்டேன்."

பொறியாளர் அந்த டப்பாவை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். ராத்திரியெல்லாம் அதையே நினைத்துப் பயந்தது, கண் போன வெல்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தது, கண் மருத்துவர் பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியை வேகமாக விட்டது, எல்லாம். அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "அவ்வளவுதானா?" என்றாள். "நாளைக்குப் பட்டறை கிடையாது. காலையில கிளம்புங்க."

கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வயசு ஆனால் வருகிற வெள்ளெழுத்துதான் என்றார் மருத்துவர். கண்ணாடி போட்டு, அதன்மேல் முகமூடி மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இதற்காகவா இத்தனை நாள் என்று பொறியாளருக்கே வெட்கமாக இருந்தது. கண்ணாடி வந்த அன்று மனைவியின் முகத்தைப் பார்த்து, "உனக்கு இந்த மச்சம் எப்போ வந்துச்சு?" என்று கேட்டு, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் பண்ணினார். கைப்பிடியின் கீழ்முனையில் துணி மாட்டுகிறது, வந்து கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போங்கள் என்றார். பொறியாளர் அரத்தை எடுத்துக்கொண்டு போனார். குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முனையைப் பார்த்தார். அப்படியே மேலே போய் முதல் மூட்டைப் பார்த்தார். பிறகு இரண்டாவது. பத்து மூட்டையும் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குக் காது சூடாகிவிட்டது. கோடு நேராக இருந்தது. அது சர்வேயர் போட்டது. அதன்மேல் இவர் ஒட்டியது கோழி கிளறின குப்பைபோல இருந்தது. இது மட்டும் மனைவியின் கைக்குப் போகாமல் நேராகச் சுவருக்கு வந்துவிட்ட வேலை. பட்டி வைத்து மறைக்க யாரும் இருக்கவில்லை.

"முனையைத் தேய்ச்சாச்சா தம்பி?"

"மிஷினை எடுத்துட்டு வரேன் டீச்சர். எல்லாத்தையும் திரும்ப ஒட்டணும்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு? ஆடலையே?"

"ஆடாதும்மா. எனக்குத்தான் பார்க்க முடியல."

மிஷின் வந்தது. ஒவ்வொரு மூட்டையும் கிரைண்டரால் சீவி, புதிதாக ஒட்டினார். அவசரப்படாமல், கையைத் தாழ்த்தி, உருகிய இரும்பு எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து. அரிசி அரிசியாக அடுக்கினாற்போல வரிசை விழுந்தது. கடைசி மூட்டை முடித்தபோது சர்வேயர் மேலே, படுக்கை அறை வாசலில் நின்றிருந்தார். டீச்சர் கீழே, கூடத்தில்.

"அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது," என்றார் பொறியாளர். "இரும்பு சூடா இருக்கு. படியிலயும் நடக்க வேண்டாம்."

"அப்போ நான் மேலேயே இருக்கணுமா?" என்றார் சர்வேயர்.

"இருங்க. எனக்கும் கொஞ்சம் நிம்மதி," என்றார் டீச்சர்.

சர்வேயர் மேல்படியில் உட்கார்ந்தார். டீச்சர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நூலகத்துப் புத்தகத்தில் கடைசியில் என்ன ஆயிற்று, அன்றைய பொய்க்குப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மேலும் கீழுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏழாவது படியில் உட்கார்ந்து பொறியாளர் மூட்டுகளைக் கம்பிப் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் பேச்சும் அவர் தலைக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருந்தது.

சூடு ஆறியதும் இரண்டு பக்கமும் தானே ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்போ இறங்கலாம் ஐயா," என்று சொல்லிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.